சொன்ன சொல்லும் எழுதிய சொல்லும்

பாடம் 9 – உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• நீதிமன்றப் பதிவு என்றால் என்ன என்பதை அறிதல்.
• ஒரு பொருளின் இரு தரப்பு வாதங்களையும் படித்து, சீர்தூக்கிப் பார்த்தல்.
• பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் உள்ள வேறுபாட்டில் வேற்றுமை உருபின் இடத்தை உணர்தல்.

நுழைவாயில்

மாணவர்களே! நீங்கள் சொன்ன ஒரு செய்தியை வேறொருவர் மாற்றிச் சொல்லிவிட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? "நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" என்று வருந்தியிருப்பீர்கள். விளையாட்டுப் பேச்சானால் அதைச் சிரித்து மறந்துவிடலாம். நீதிமன்றத்தில் ஒருவர் சொன்ன சொல் மாறிப்போனால் அவ்வாறு மறக்க இயலுமா? அங்கே சொல்லப்படுவதை யார் எழுதுகிறார்? எப்படி எழுதுகிறார்? இன்று அந்தப் பணிக்கு மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. அவை நன்மையா, தீமையா என்னும் விவாதமும் உடன் வந்துள்ளது. அதனை இப்பாடத்தில் காண்போம்.

1. எழுதப்பட்டதே நிலைக்கும்

ஒரு வழக்கில் சாட்சி கூண்டில் ஏறி, தாம் கண்டதையும் கேட்டதையும் கூறுகிறார். அவர் கூறுவது சாட்சியம் எனப்படும். சாட்சியம் காற்றில் கரையும் ஒலி. அதனை எழுத்தில் நிறுத்தினால்தான் பயன் உண்டு. விசாரணை முடிவதற்குள் நீதிபதி இடமாற்றம் பெற்றுச் செல்லலாம். அப்போது புதிதாக வரும் நீதிபதி, முன்பே எழுதப்பட்ட சாட்சியத்தை வைத்து வழக்கைத் தொடர முடியும். தீர்ப்பை எதிர்த்து ஒருவர் உயர்நீதிமன்றம் செல்கிறார் என்று கொள்வோம். அங்குள்ள நீதிபதிகள் சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. தாளில் உள்ளதையே படிக்கின்றனர். ஆகவே நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, எழுதப்படாத சொல் ஏறக்குறையச் சொல்லப்படாத சொல்லே ஆகும்.

வாய் பேசும் வேகத்திற்குக் கை எழுத முடியாது. இக்குறையைப் போக்கவே சுருக்கெழுத்து தோன்றியது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஐசக் பிட்மன் 1837-ஆம் ஆண்டு தம் சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். கோடுகளாலும் வளைவுகளாலும் ஒலிகளைக் குறிக்கும் அம்முறை இந்திய அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் வழங்கிவருகிறது. புகழ்பெற்ற புதின ஆசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இளமையில் சுருக்கெழுத்துக் கற்று, இலண்டன் நீதிமன்றமொன்றில் செய்திகளைக் குறித்தெழுதும் பணியைச் செய்தவர்.

நம் நாட்டு விசாரணை நீதிமன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி தம் மொழியில் பேசுவார். நீதிபதி அதனைக் கேட்டு, ஒழுங்குபடுத்தித் தட்டச்சருக்குச் சொல்லுவார். தட்டச்சர் பதிவு செய்வார். கேள்வியும் பதிலுமாக அன்றி, சாட்சி தொடர்ந்து எடுத்துரைப்பது போன்ற நடையிலேயே சாட்சியம் பெரும்பாலும் எழுதப்படும். எனவே தாளில் ஏறுவது சாட்சி உதிர்த்த ஒவ்வொரு சொல்லும் அன்று. அவர் சொன்னதாக நீதிபதி விளங்கிக்கொண்ட செய்தியே. இதனை நினைவில் கொண்டு மேலே செல்வோம்.

2. கருவிகள் வந்த வழி

நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையாக மக்கள் காண வேண்டும் என்ற கோரிக்கையுடன் உச்சநீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. மனுதாரர்களுள் ஒருவர் சுவப்னில் திரிபாதி என்னும் சட்டக்கல்லூரி மாணவர். 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் அக்கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றது. 2020 அக்டோபர் 26 அன்று குஜராத் உயர்நீதிமன்றம் தன் முதல் அமர்வின் நடவடிக்கைகளை யூடியூபில் சோதனை முறையில் ஒளிபரப்பத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 27 முதல் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வுகளை நாம் வீட்டிலிருந்தே காண முடிகிறது.

அடுத்த படி, பேச்சை எழுத்தாக்குவது. 2023 பிப்ரவரி 21 அன்று மகாராட்டிர அரசியல் வழக்கு ஒன்றை அரசியலமைப்பு அமர்வு விசாரித்தது. அன்று முதன்முறையாக, வழக்கறிஞர்களின் வாதங்கள் செயற்கை நுண்ணறிவின் துணையால் அங்கேயே எழுத்தாகித் திரையில் தோன்றின. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் கருவி தடுமாறும் என்பதையும், பிழைகளைத் திருத்த மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அன்றைய தலைமை நீதிபதி அப்போதே எடுத்துரைத்தார்.

கேரளம் இன்னும் ஒரு படி சென்றது. அம்மாநில உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2025 நவம்பர் 1 முதல் மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சியங்களைப் பதிவு செய்யப் பேச்சை எழுத்தாக்கும் கருவி பயன்படுத்தப்படுகிறது. அதே ஆண்டு ஜூலையில் அந்நீதிமன்றம் ஒரு கொள்கையையும் வெளியிட்டிருந்தது. தீர்ப்பை முடிவு செய்யச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துதல் ஆகாது என்றும், இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்றும் அக்கொள்கை கூறுகிறது.

3. வேண்டும் என்பார் கூற்று

கருவிகளை வரவேற்போர் மூன்று காரணங்களை முன்வைக்கின்றனர்.

முதலாவது, காலம். சாட்சி பேச, நீதிபதி திருப்பிச் சொல்ல, தட்டச்சர் எழுத என ஒரு செய்தி மூன்று முறை பயணம் செய்கிறது. கருவி இருந்தால் பேசும்போதே எழுத்து உருவாகும். தேங்கிக் கிடக்கும் வழக்குகள் விரைவாக நகரும்.

இரண்டாவது, முழுமை. மனிதர் எழுதும்போது சில சொற்கள் விடுபடும். சில சொற்கள் மெருகேறும். ஒலிப்பதிவு எதையும் விடுவதில்லை. ஐயம் எழுந்தால் மீண்டும் ஒலிக்கவிட்டுக் கேட்கலாம்.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையின்போது, சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் குறித்துக் கடுமையான கருத்துகளை வாய்மொழியாகக் கூறியது. அவை எழுத்துவடிவ ஆணையில் இடம்பெறவில்லை. ஆயினும் செய்தியாளர்கள் வழியே நாடெங்கும் பரவின. வாய்மொழிக் கருத்துகளைச் செய்தியாக்கத் தடை வேண்டும் என்று தேர்தல் ஆணையம் உச்சநீதிமன்றத்தை நாடியது. 2021 மே 6 அன்று உச்சநீதிமன்றம் அத்தடையை விதிக்க மறுத்தது. நீதிமன்றத்தில் நடப்பதைச் சமூக ஊடகங்களில் உடனுக்குடன் தெரிவிப்பது அஞ்சத்தக்கதன்று; அது திறந்த நீதிமன்றத்தின் நீட்சியே என்பது அத்தீர்ப்பின் கருத்து. அதே தீர்ப்பு, நீதிபதிகள் சொற்களை நிதானமாகக் கையாள வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

4. கவனம் என்பார் கூற்று

தயங்குவோரின் வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது.

கருவி, தான் பழகிய குரல்களையே நன்கு அறியும். நம் நாட்டில் ஒரே மொழியை நெல்லையில் ஒருவிதமாகவும் கோவையில் வேறுவிதமாகவும் பேசுகின்றனர். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் கருவிக்குப் புதியவையாக இருக்கலாம். கூண்டில் நிற்பவர் அழலாம், தழுதழுக்கலாம், தலையை மட்டும் அசைக்கலாம். மௌனத்தை எந்தக் கருவி எழுதும்? பயிற்சி பெற்ற சுருக்கெழுத்தர் கேளாத சொல்லை "மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்பார். கருவியோ சில வேளைகளில், கேளாத இடத்தையும் ஏதோ ஒரு சொல்லால் நிரப்பிவிடும்.

இன்னொன்று, துண்டாடுதல். இரண்டு மணிநேர விசாரணையிலிருந்து இருபது வினாடிகளை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பினால் பொருளே மாறும். 2024 செப்டம்பரில் ஓர் உயர்நீதிமன்ற நேரலையின் சிறு துண்டுகள் இணையத்தில் பரவியபோது, உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அதனைக் கவனித்தது. ஆயினும் நேரலையை நிறுத்துவது தீர்வாகாது; ஒளிக்கு மறுமொழி மேலும் ஒளியே என்னும் கருத்தையே அது வெளியிட்டது.

மற்றொன்று, தனிமை. பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடுதல் சட்டப்படி குற்றம். குழந்தைகள் தொடர்பான வழக்குகளிலும் அவ்வாறே. இவை போன்ற வழக்குகளும் மணவாழ்க்கை வழக்குகளும் நேரலையிலிருந்து விலக்கப்படுகின்றன. எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. சில கதவுகள் எளியோரைக் காக்கவே மூடப்படுகின்றன.

5. ஓர் அசை: கற்பனைக் காட்சி

வடநாட்டு நகரம் ஒன்றின் நீதிமன்றம். கூண்டில் நிற்பவர் காமாட்சி. தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த சித்தாள். தமிழ் தவிர வேறு மொழி அறியாதவர். சாரத்திலிருந்து மேஸ்திரி ஒருவர் கீழே விழுந்து கால் முறிந்தது. காண்டிராக்டர் தள்ளிவிட்டார் என்பது வழக்கு. நீதிமன்றத்தில் பேச்சை எழுத்தாக்கும் கருவி இருக்கிறது. தமிழறிந்த மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார்.

"காண்டிராக்டர் என்ன செய்தார் அம்மா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்.

"சண்ட போட்டாருங்க. நான் கண்ணால பாத்தேங்க. மேஸ்திரியத்தான் தள்ளுனாருங்க."

காமாட்சியின் குரல் தாழ்ந்திருக்கிறது. வெளியே வண்டிகளின் இரைச்சல். கருவி இவ்வாறு எழுதுகிறது: "மேஸ்திரிதான் தள்ளினார்." அதுவே அந்நகர மொழியிலும் மாறிப் பதிவாகிறது.

என்ன நேர்ந்தது, பாருங்கள். "மேஸ்திரியைத்தான்" என்பதில் உள்ள "ஐ" என்னும் வேற்றுமை உருபு பேச்சில் தேய்ந்து "மேஸ்திரியத்தான்" என ஒலித்தது. அந்தத் தேய்ந்த அசையைக் கருவி தவறவிட்டது. தள்ளப்பட்டவர் தள்ளியவராகிவிட்டார்! கால் முறிந்து படுத்திருப்பவர்மீதே பழி விழுந்துவிட்டது.

சாட்சியம் முடிந்தது. நீதிபதி பதிவைப் படித்துக்காட்டச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதனைத் தமிழில் நிதானமாகச் சொல்கிறார். "மேஸ்திரிதான் தள்ளினார்" என்ற இடம் வந்ததும் காமாட்சி பதறுகிறார்.

"ஐயா, ஐயா! நான் அப்படிச் சொல்லலீங்க. மேஸ்திரி யாரையும் தள்ளலீங்க. காண்டிராக்டருதான் மேஸ்திரியத் தள்ளிவிட்டாருங்க!"

காண்டிராக்டரின் வழக்கறிஞர் எழுந்து, சாட்சி இப்போது மாற்றிச் சொல்கிறார் என்கிறார். நீதிபதி ஒலிப்பதிவை மீண்டும் ஒலிக்கவிடச் சொல்கிறார். அனைவரும் செவிசாய்க்கின்றனர். இரைச்சலுக்கு நடுவே, மெல்லிதாக, அந்த அசை கேட்கிறது. பதிவு திருத்தப்படுகிறது. காமாட்சி கையொப்பமிடுகிறார்.

6. படித்துக்காட்டும் உரிமை

மேலே கண்டது கற்பனை. ஆனால் காமாட்சியைக் காத்த விதி கற்பனை அன்று. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 278-ஆம் பிரிவாக இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 313-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அது கூறுவது இதுதான்: சாட்சியம் எழுதி முடிந்ததும், குற்றம் சாட்டப்பட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ இருக்கும்போது, அதனைச் சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும், தேவையானால் திருத்த வேண்டும். திருத்தத்தை ஏற்க நீதிபதிக்கு மனமில்லையெனில், சாட்சியின் மறுப்பையாவது குறித்துவைக்க வேண்டும். சாட்சிக்குத் தெரியாத மொழியில் பதிவு அமைந்தால், அவருக்குத் தெரிந்த மொழியில் அதனை விளக்கிச் சொல்ல வேண்டும்.

இவ்விதி எழுத்தறியாதவருக்கும் உரியது. வேற்று மாநிலத்தில் வாழ்பவருக்கும் உரியது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த ஒருவர், தம் தாய்மொழியன்றி வேறொன்றும் அறியாத நிலையில் நீதிமன்றத்தில் நின்றாலும், அவருடைய சொல்லுக்கு உரியவர் அவரே என்று சட்டம் ஏற்கிறது.

காமாட்சியின் கதையில் பிழை செய்தது கருவி. பிழையை மெய்ப்பிக்க உதவியதும் கருவி பதிந்த ஒலிதான். ஒலிப்பதிவு இல்லையெனில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கூற்றே நின்றிருக்கக்கூடும். படித்துக்காட்டும் வழக்கம் இல்லையெனில் பிழை இருப்பதே யாருக்கும் தெரிந்திராது. எனவே "கருவியா, மனிதரா?" என்று கேட்பதைவிட, "எழுதியதைச் சொன்னவரிடம் திருப்பிக் காட்டினோமா?" என்று கேட்பதே முறை. கருவி வேகமாக எழுதுவதாலேயே இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் ஆசை எழும். அழகாக அச்சான தாளைப் பார்த்தவுடன் அது சரியாகத்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடும். அந்த நம்பிக்கையிடம்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சுருக்கெழுத்துப் பென்சிலுக்குப் பின் தட்டச்சுப் பொறி வந்தது. தட்டச்சுப் பொறிக்குப் பின் கணினி வந்தது. இன்று தானே எழுதும் கருவி வந்துள்ளது. நாளை வேறொன்று வரும். எது வந்தாலும், சொன்னவர் கேட்டு "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று கூறிய பிறகே எழுதிய சொல் அவருடைய சொல் ஆகும்.

சொல்லும் பொருளும்

அசை – சொல்லில் ஒலிக்கும் சிறு பகுதி
அமர்வு – வழக்கை விசாரிக்கும் நீதிபதி அல்லது நீதிபதிகள் குழு
சாரம் – கட்டட வேலைக்காகக் கட்டப்படும் மரம் அல்லது இரும்புக் கட்டமைப்பு
சித்தாள் – கட்டட வேலையில் உதவி செய்யும் தொழிலாளி
சீர்தூக்குதல் – இரு பக்கமும் எடைபோட்டுப் பார்த்தல்
தழுதழுத்தல் – துயரத்தால் குரல் தடுமாறுதல்
நீட்சி – தொடர்ந்து நீளும் பகுதி

இலக்கணம் அறிவோம்: இரண்டாம் வேற்றுமை

ஒரு செயலுக்கு உட்படும் பொருளைக் காட்டுவது இரண்டாம் வேற்றுமை. அதன் உருபு "ஐ".

முருகன் வேலனை அழைத்தான். (அழைக்கப்பட்டவன் வேலன்)
முருகனை வேலன் அழைத்தான். (அழைக்கப்பட்டவன் முருகன்)

இரு தொடர்களிலும் பெயர்களின் வரிசை ஒன்றே. உருபு இடம் மாறியதால் பொருள் மாறியது. பேச்சில் இவ்வுருபு "வேலன", "முருகன" எனத் தேய்ந்து ஒலிக்கும். எழுதும்போது அதனை விடாமல் எழுதுதல் வேண்டும்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிபதிகள் எதனைக் கொண்டு சாட்சியத்தை அறிகின்றனர்?
2. 2023 பிப்ரவரி 21 அன்று உச்சநீதிமன்றத்தில் நிகழ்ந்த புதுமை யாது?
3. எவ்வகை வழக்குகள் நேரலையிலிருந்து விலக்கப்படுகின்றன?

ஆ. ஒரு பத்தியில் விடை தருக.
1. நீதிபதி சொல்லித் தட்டச்சர் எழுதும் முறைக்கும், ஒலிப்பதிவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. தேர்தல் ஆணைய வழக்கில் உச்சநீதிமன்றம் செய்தியாளர்களுக்குக் கூறியது என்ன? நீதிபதிகளுக்குக் கூறியது என்ன?
3. காமாட்சியின் சாட்சியத்தில் கருவி பிழையும் செய்தது, உதவியும் செய்தது. எவ்வாறு?

இ. பேச்சுவழக்கை எழுத்துவழக்காக மாற்றுக. "ஐ" உருபுக்கு அடிக்கோடிடுக.
1. அண்ணன் தம்பியக் கூப்பிட்டான்.
2. நாய பூன தொரத்துச்சு.
3. மாமாவத்தான் போலீசு கேட்டாங்க.

ஈ. வகுப்பில் விவாதிக்க
"எல்லா நீதிமன்றங்களிலும் சாட்சியத்தைக் கருவியே எழுத வேண்டும்." இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் இரு குழுக்களாகப் பேசுக. ஒரு குழுவின் வாதத்தை மற்றொரு குழு முதலில் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆம், நாங்கள் சொன்னது இதுதான்" என்று அவர்கள் ஏற்ற பின்னரே மறுமொழி கூற வேண்டும்.

உ. செயல்பாடு
உங்கள் பாட்டி, தாத்தா அல்லது ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடம் அவர் இளமையில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறச் சொல்லுங்கள். அவருடைய இசைவைப் பெற்று, இரண்டு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முதலில் கைப்பேசியின் குரல்வழி எழுதும் வசதியைக் கொண்டு அதனை எழுத்தாக்குங்கள். பிறகு நீங்களே கேட்டு எழுதுங்கள். இரண்டையும் அவருக்குப் படித்துக்காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் சிவப்பு மையால் குறித்து வாருங்கள். கருவி தவறவிட்டவை எத்தனை, நீங்கள் தவறவிட்டவை எத்தனை என்று வகுப்பில் எண்ணிப் பார்ப்போம்.